மாதா கோயிலில் பெட்டி தேடலாமா? ஜியோகேச்சிங் பற்றிய கேள்விக்கு விரிவான பதில்

கொருக்குப்பேட்டையில் வசிக்கும் நண்பர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் அண்ணன், அங்கே ஒரு கிராமத்துப் பழைய தேவாலயத்துக்குப் போய் ஜியோகேச்சிங் என்ற விளையாட்டில் பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். வரும் கோடையில் நானும் அங்கே செல்கிறேன். வழிபாட்டு இடத்தில் பெட்டி தேடுவது முறையா? எப்படித் தேடுவது? ராயபுரம், பழவேற்காடு பக்கத்திலுள்ள நம் பழைய மாதா கோயில்களில் இப்படி ஒன்றை நாமே வைக்க முடியுமா? அங்கே கிடைக்கும் பொருளை இங்கே எடுத்து வரலாமா?"

தேடலாம், முறைதான். ஆனால் உங்கள் அண்ணன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. தேவாலயத்தின் பெயரில் வைக்கப்படும் பெட்டி பெரும்பாலும் தேவாலயத்துக்குள் இருப்பதில்லை. மதிலுக்கு வெளியே, நடைபாதை வேலியிலோ மரத்தடியிலோ இருக்கும். தேவாலயத்தில் இருப்பவை அந்தப் பெட்டிக்கு வழி சொல்லும் எண்கள். அவற்றைக் கல்லறைக் கல்லிலும் மணிக்கூண்டிலும் வாசல் முகப்பிலும் படித்துச் சேர்க்க வேண்டும். நீங்கள் கேட்டிருக்கும் எல்லாவற்றுக்கும் விடை இந்த ஒரு வேறுபாட்டைப் பொறுத்ததுதான்.

முதலில் விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு பெட்டியை மறைத்து வைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் அறிவிப்பார்; மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு அதைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். அமெரிக்க அரசு தன் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தடுமாறிய கருவிகள் ஒரே இரவில் பல மடங்கு துல்லியம் பெற்றன. அதைச் சோதிப்பதற்காக டேவ் அல்மர் என்பவர் மே 3 அன்று ஓரிகான் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகருக்கு அருகே, கறுப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்றை மறைத்து வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் ஒரு குறிப்பேடு, பென்சில், சில சில்லறைப் பொருள்கள், ஒரு பீன்ஸ் டின் ஆகியவை இருந்தன. எதையாவது எடுத்தால் எதையாவது வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதே அவர் வகுத்த விதி. அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் தொடங்கிய தளம்தான் இன்றைக்கும் இதன் முதன்மைப் பதிவேடு. மறைக்கப்படும் பொருளை அவர்கள் 'கேஷ்' என்கிறார்கள். தமிழில் அப்படி எழுதினால் கல்லாப்பெட்டிதான் நினைவுக்கு வருகிறது என்பதால், நான் பெட்டி என்றே எழுதுகிறேன். உண்மையில் பல பெட்டிகள் பழைய பிலிம் ரோல் டப்பா அளவே இருக்கும். அவற்றுக்குள் சுருட்டி வைத்த ஒரு காகிதத்துக்கு மேல் எதற்கும் இடம் கிடையாது.

பிரிட்டனில் 'சர்ச் மைக்ரோ' என்றொரு தொடர் வரிசை இருக்கிறது. ஆர்வலர்கள் தத்தம் ஊர்த் தேவாலயத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போக, இன்று ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது. உங்கள் அண்ணன் கண்டெடுத்தது இவ்வகையைச் சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தளத்தில் அந்தப் பெட்டிக்குரிய பக்கத்தில் கொடுக்கப்படும் அட்சரேகை தீர்க்கரேகை உங்களைத் தேவாலய வாசலுக்குக் கொண்டு சேர்க்கும். பிறகு, தெற்கு மதிலோரக் கல்லறையில் உள்ளவர் இறந்த ஆண்டின் கடைசி இலக்கம் 'க', போர் நினைவுத் தூணில் குறிப்பிட்ட குடும்பப்பெயர் எத்தனை முறை வருகிறதோ அது 'ச' என்பதுபோல நான்கைந்து கேள்விகள் இருக்கும். விடைகளை வாய்பாட்டில் இட்டால் உண்மையான இடம் கிடைக்கும்.

இந்த வாய்பாட்டில் சறுக்குபவர்களே அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்விளையாட்டில் இடத்தைப் பாகையாலும், மூன்று தசம இடம் கொண்ட நிமிடத்தாலும் எழுதுவார்கள். கைபேசி வரைபடத்தில் வரும் வெறும் தசமப் பாகையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வடக்கு தெற்காக ஒரு நிமிடம் என்பது ஏறத்தாழ 1,852 மீட்டர். ஆகவே மூன்றாம் தசம இலக்கத்தில் ஒன்று பிசகினால் இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே விலகுவீர்கள்; முதல் தசம இலக்கத்தில் ஒன்று பிசகினால் 185 மீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். கிழக்கு மேற்காக அளவு வேறு. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிக் குவிவதால், 51 பாகையில் இருக்கும் தென் இங்கிலாந்தில் ஒரு நிமிடம் சுமார் 1,170 மீட்டராகச் சுருங்கிவிடும். 13 பாகையில் இருக்கும் நம் ஊரில் அது 1,800 மீட்டரை ஒட்டியே நிற்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மகள் வீட்டில் தங்கியிருந்தபோது கென்ட் பகுதியில் ஒரு சிற்றூர்த் தேவாலயத்துக்குப் போனேன். கல்லறைக் கல்லில் ஆண்டு 1723/4 என்று வெட்டியிருந்தது. இது என்ன பின்னம் என்று யோசித்துவிட்டு மூன்றை எடுத்துக்கொண்டு கணக்கிட்டு, வேலிகளைத் தாண்டி, செம்மறியாடுகள் மேயும் ஒரு வெட்டவெளியின் நடுவில் போய் நின்றேன். பெட்டி எனக்கு 185 மீட்டர் வடக்கே இருந்தது. 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. அதனால் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை இறந்தவர்களுக்குப் பழைய கணக்குப்படி ஓர் ஆண்டும், நம் கணக்குப்படி மற்றோர் ஆண்டும் சேர்த்து எழுதும் வழக்கம் இருந்தது. தையா சித்திரையா என்று நாம் புத்தாண்டுக்கு வாதாடுவதுபோல அவர்களுக்கும் ஒரு காலத்தில் குழப்பம் இருந்திருக்கிறது. நல்ல பெட்டிக்காரர்கள் இலக்கங்களின் கூட்டுத்தொகையையும் கொடுத்திருப்பார்கள். அதைச் சரிபார்த்துவிட்டு நடையைத் தொடங்குங்கள். நான் சரிபார்க்கவில்லை.

ஆங்கிலேயக் கிராமத் தேவாலயத்துக்குள் நுழையும்போது சில அடையாளங்களைத் தெரிந்துவைத்திருந்தால் கேள்விகள் எளிதாகும். பீடம் வழக்கமாகக் கிழக்கு முனையில் இருக்கும். மணிக்கோபுரம் பெரும்பாலும் மேற்கு முனையில் நிற்கும். ஆகவே திசைகாட்டி இல்லாமலே 'தெற்கு வாசல்' எது என்று சொல்லிவிடலாம். மதில் வாசலில் கூரை வேய்ந்த மரப்பந்தல் போன்ற ஓர் அமைப்பு இருந்தால், அது குருவானவர் வரும்வரை சவப்பெட்டியை இறக்கி வைக்கும் இடம். கோபுரத்தின் அடிக்கல்லில் ஒரு கிடைக்கோடும் அதைத் தொட்டு நிற்கும் அம்புக்குறியும் வெட்டியிருந்தால், அது நில அளவைத் துறை கடல்மட்டத்திலிருந்து உயரத்தைக் குறித்து வைத்த அடையாளம். பெட்டிப் புதிர்களில் அடிக்கடி வரும். ஒரே அளவில் ஒரே வடிவில் நிற்கும் வெள்ளைக் கற்கள் உலகப் போர்களில் இறந்த வீரர்களுடையவை. அவற்றின் மேற்பகுதியில் படை எண் இருப்பதால் புதிர் அமைப்பவர்களுக்கு அவை மிகவும் பிடிக்கும். ரோமன் எண்களைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். கோபுரக் கடிகாரத்தில் நான்கு என்பதைப் பெரும்பாலும் நான்கு கோடுகளாகவே எழுதியிருப்பார்கள், அது பிழையன்று.

எழுத்து மங்கிய கல்லைச் சுரண்டாதீர்கள், சாக்பீஸ் தேய்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கைபேசி விளக்கைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பி வரும். வெயில் நாளில் ஒரு சிறு கண்ணாடியும் இந்த வேலையைச் செய்யும். சாய்ந்து நிற்கும் கற்களின் மேல் கை ஊன்ற வேண்டாம், அடிமண் இளகியிருக்கும். யூ என்னும் கருமையான பசுமரம் அநேகமாக எல்லாப் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் நிற்கும். அதன் இலையும் விதையும் நஞ்சு என்பதால் குழந்தைகளை அழைத்துப் போனால் கவனம் தேவை. அந்த மரத்தடியிலும் கற்கோபுரத்தின் நிழலிலும் சமிக்ஞை மோதித் திரும்புவதால், திறந்த வெளியில் ஐந்து மீட்டருக்குள் சொல்லும் கைபேசி இருபது மீட்டர்கூடத் தடுமாறலாம். எனவே கடைசி இருபது மீட்டரில் கைபேசியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணை நம்புவதே என் வழக்கம்.

நடத்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே செருப்பைக் கழற்றுவதில்லை. தொப்பியைக் கழற்றினால் போதும். கதவு சாத்தியிருந்தாலும் பகலில் பெரும்பாலும் பூட்டியிருக்காது, தள்ளிப் பார்க்கலாம். வெளியே வரும்போது மறக்காமல் சாத்திவிட வேண்டும், இல்லையென்றால் பறவை உள்ளே புகுந்துவிடும். திருமணமோ அடக்கமோ நடந்தால் அன்று திரும்பிவிடுங்கள். யாராவது என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால் மழுப்பாமல் உண்மையைச் சொல்லுங்கள். பிறர் கண்ணில் படாமல் பெட்டியை எடுப்பது விளையாட்டின் வழக்கம்தான். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் ஒளிந்து ஒளிந்து நடப்பவனைப் பார்த்தால் எந்த ஊரிலும் சந்தேகம் வரும். நான் போன ஊரில் பூ மாற்ற வந்த ஒரு முதியவர், நான் உண்மையைச் சொன்னதும், அந்த 1723/4 கல்லுக்கு அடுத்த கல்லிலிருந்து தொடங்கி ஒரு குடும்பத்தின் ஐந்து தலைமுறையை எனக்கு நடத்திக் காட்டினார். அதன் பிறகு பெட்டியைக் கண்டெடுத்தது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. கிடைத்ததும் காகிதத்தில் பெயரும் தேதியும் எழுதினால்தான் கணக்கு; பேனாவை நீங்கள் கொண்டுபோக வேண்டும். எடுத்த இடத்திலேயே, எடுத்த விதத்திலேயே திருப்பி வையுங்கள்.

இனி நம் ஊர். பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் 'கிராமத்துப் பழைய கோயில்' என்ற சொல்லுக்கு வடசென்னையிலிருந்து போய்வரக்கூடிய தொலைவில் அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கொருக்குப்பேட்டையிலேயே கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் பேருந்து கிடைக்கும். மகிமை மாதா கோயிலின் வரலாறு போர்த்துகீசியர் காலத்தில் தொடங்குகிறது. அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தை அங்கேயே வைத்திருந்தார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாசலின் இருபுறமும் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால், உள்ளே வருபவனுக்கு மரணத்தை நினைவூட்ட அவர்கள் எவ்வளவு வெளிப்படையாக இருந்தார்கள் என்பது விளங்கும். கற்களில் ஆண்டும் வயதும் குடும்பச் சின்னமும் ஆழமாக வெட்டப்பட்டிருப்பதால், புதிர் அமைப்பவனுக்கு இதைவிட நல்ல ஏடு கிடைக்காது.

ராயபுரம் கிராமம் அல்ல, ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பேதுருவைப் பழைய கத்தோலிக்கத் தமிழில் இராயப்பர் என்பார்கள், யோவானை அருளப்பர் என்பதுபோல. அந்த இராயப்பர் கோயிலின் பெயரிலிருந்தே ஊர்ப்பெயர் வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் அலையைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் சரக்கும் ஆளும் ஏற்றி இறக்கிய குருகுல வம்சத்துப் படகோட்டிகள் எழுப்பியது அக்கோயில், 1829-இல் முடிந்தது. இன்னும் தெற்கே, பாரிமுனையில், 1772-இல் கட்டப்பட்ட ஆர்மீனியர் தேவாலயம் நிற்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழை 1794-இல் இதே ஊரில் அச்சிட்ட ஷ்மவோனியன் பாதிரியாரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. ஆர்மீனியத் தெரு நம் வாயில் அரண்மனைக்காரத் தெருவாகிவிட்டது. அரண்மனை எங்கே என்று தேடிப் போனவர்கள் எத்தனை பேரோ.

இத்தனை வளம் இருந்தும், இந்த வளாகங்களுக்குள் ஒரு பெட்டியைக்கூட வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் காரணம் பாதுகாப்பு. 'கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள், காவல்துறைக்குத் தெரிவியுங்கள்' என்று ரயில் நிலையத்தில் நாள் முழுவதும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மாதா கெபிக்குப் பின்னால் மூடியிட்ட டப்பா ஒன்றை யாராவது கண்டால் வெடிகுண்டு நிபுணர்கள் வருவார்கள், வரத்தான் வேண்டும். எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் வரிசையாக இருப்பதால், அவற்றின் சுற்றுச்சுவர் ஓரம் கைபேசியை நீட்டிக்கொண்டு நடப்பதுகூட வேண்டாத வேலை. இரண்டாவது சட்டம். டச்சுக் கல்லறைபோன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கே ஒரு செங்கல்லை நகர்த்தினாலும் குற்றமாகலாம். மூன்றாவது, விளையாட்டின் சொந்த விதியே நிலத்துக்கு உரியவரின் அனுமதியைக் கேட்கிறது. அந்த அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைப்பதைத் தடுக்கிறது.

ஆனால் இங்கிலாந்து வழி இங்கேயும் செல்லும் என்பதே உங்கள் கேள்விக்கு விடை. எண்களைக் கோயிலிலிருந்து எடுங்கள், பெட்டியை வெளியே வையுங்கள். முதலில் பங்குத்தந்தையைப் பாருங்கள். அவரைப் பார்ப்பதற்கு முன் கோயில்பிள்ளையையோ உபதேசியாரையோ பாருங்கள், ஏனென்றால் எந்தக் கல் எங்கே இருக்கிறது, எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வழிபாட்டு நேரத்தையும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளையும் தவிர்க்குமாறு பெட்டியின் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். அன்று பூவும் மெழுகுவர்த்தியுமாகக் குடும்பங்கள் கூடியிருக்கும் இடத்தில் இலக்கம் எண்ணிக்கொண்டு நிற்பது அழகல்ல. செருப்பை வாசலில் விடும் வழக்கம் நம் கோயில்களில் உண்டு என்பதையும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லி வையுங்கள்.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல் வருகிறது. ஆங்கிலேயக் கிராமத்தில் முந்நூறு ஆண்டுக் கல் அப்படியே நிற்கும். இங்கே கொடியேற்றத்துக்கு முன் வர்ணம் அடிக்கும்போது அடிக்கல் எழுத்தும் சேர்ந்து மறைந்துவிடும்; அல்லது மங்கிய இலக்கத்துக்கு யாரோ ஒருவர் அன்பு மிகுதியால் புது மை தீட்டி, மூன்றை எட்டாக்கிவிடுவார். ஆகையால் வர்ணம் பூசினாலும் மாறாதவற்றை நம்புங்கள்: படிகளின் எண்ணிக்கை, முகப்புத் தூண்கள், சாளர வளைவுகள், கோபுரத்து அடுக்குகள். பழைய தமிழ்க் கல்லறைக் கல் கிடைத்து அதில் தமிழ் எண் இருந்தால் அது பெரும்பேறு. ஆனால் ஆயிரத்துக்கும் நூறுக்கும் பத்துக்கும் தனிக் குறிகள் வரும் முறையில் 1829 என்பது ௲௮௱௨௰௯ என்று நீண்டு நிற்கும் என்பதைத் தேடி வருபவருக்குக் குறிப்பாகச் சொல்லிவிடுங்கள், தவித்துப்போவார்.

கடைசிப் பெட்டிக்கு ஏற்ற இடம், சம்மதம் தெரிவித்த ஒரு நண்பரின் வீட்டுத் திண்ணையோ வேலியோ. கடைக்குள் வைத்தால் வருபவர் ஏதாவது வாங்கியாக வேண்டியிருக்கும். வணிக நோக்கம் இருக்கக் கூடாது என்ற விதிக்கு அது முரண். வேறொருவருடைய பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. நம் பக்கம் பெட்டிகள் அரிது என்பதால் இது உங்களைத் தடுக்காது. பெட்டியே இல்லாமல் இடத்தைப் பார்த்து விடை அனுப்பும் மெய்நிகர் வகை ஒன்று முன்பு இருந்தது, நம் ஊருக்கு அதுவே மிகவும் பொருந்தும். ஆனால் 2005-க்குப் பிறகு அதைப் பொதுவாக யாரும் புதிதாகத் தொடங்க முடியாது, அவ்வப்போது தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் வாய்ப்புத் தருகிறார்கள். பெட்டி வைத்தவரே அதைப் பராமரிக்கவும் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் காந்தம் ஒட்டிய இரும்பு டப்பா ஒரு பருவம்கூடத் தாங்காது. ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஒரு ஜிப் பை, மைப்பேனாவுக்குப் பதில் பென்சில் என்று வைத்தால் தை மாதம் போய்ப் பார்க்கும்போது எழுத்து மிஞ்சியிருக்கும்.

கடைசியாக, எடுத்து வருவது. சிறு டப்பாக்களில் எடுக்க எதுவும் இருக்காது. பெரிய பெட்டியில் பொம்மை, சாவிக்கொத்து போன்றவை இருந்தால், அதே மதிப்புள்ள ஒன்றை வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். தின்பண்டம் மட்டும் வேண்டாம், எறும்பும் எலியும் வரும். இலக்கம் பொறித்த உலோகத் தகடு தொங்கும் பொருள் கிடைத்தால் அது உங்களுக்கானதன்று. பெட்டிக்குப் பெட்டி பயணம் செய்ய அதன் உரிமையாளர் அனுப்பியது. ஒவ்வொருவரும் அந்த இலக்கத்தைப் பதிந்து, அடுத்த பெட்டியில் சேர்க்க வேண்டும். அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் உரிமையாளர் மகிழ்வார் என்பது உண்மை. ஆனால் இறக்கிவிட இங்கே பெட்டி எளிதில் கிடைக்காமல் உங்கள் மேசை டிராயரிலேயே கிடந்துவிடும் அபாயமும் உண்டு. ஆகவே பழவேற்காட்டுப் பெட்டியை முதலில் வைத்து முடியுங்கள், அந்தத் தகட்டை அதற்குப் பிறகு கொண்டுவரலாம்.